செல்லூரில் இன்ஜின், ஒத்தக்கடையில் கதவு

மதுரைக்கு வந்த மறுநாள் காலையில் முதல் வேலையாக அக்காவின் காரைப் பார்க்கப் போனேன். செல்லூரில், விசைத்தறிகள் தடதடக்கும் ஒரு சந்தின் கடைசியில், பாண்டியின் பட்டறையில் நான்கு கட்டைகளின்மேல் ஒரு தகரக்கூடு நின்றது. கதவுகள் இல்லை. சீட் இல்லை. சக்கரம் இல்லை. முன்மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இன்ஜின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"முக்காவாசி முடிஞ்சிருச்சு சின்னக்கா" என்றார் பாண்டி. எந்த முக்கால்வாசி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பூனை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

நான் மலேசியாவில், தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தாறு வருடங்களாக அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எங்கள் பக்கத்துத் தமிழில் காரைக் காடி என்போம். என்னைக் காடி டீச்சர் என்பார்கள். பிரேக்கை மிதி என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர்கள், இடது என்றால் வலது பக்கம் திருப்புகிறவர்கள் என்று எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு மரத்துப்போனவள். இனி எதைக் கண்டும் குழம்பமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு மதுரையில் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

நான் வந்த காரணம் இதுதான். என் அக்கா தேவகி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முப்பத்துமூன்று வருடம் ஆகிறது. நாகமலை புதுக்கோட்டையில் சொந்த வீடு. ஊரின் மறுகோடியில், ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர் வேலை. அத்தான் காலமாகி இரண்டு வருடம். போன வருடம் பெரியார் பஸ் நிலையத்தில் நெரிசலில் படியிலிருந்து விழுந்து அக்கா மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். புனேயில் வேலை பார்க்கும் அவள் மகன் அருண் அன்றிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறான். பஸ் பயணம் இனிக் கிடையாது. ஜூனில் கல்லூரி திறப்பதற்குள் அம்மா சொந்த வண்டியில் போய்வர வழி பிறக்கவேண்டும். இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, அவனோடு புனேக்கு வந்துவிட வேண்டும்.

புனே என்ற பேச்சே அக்காவுக்கு ஆகாது. ஒருமுறை அங்கே ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தவள், பதினொன்றாவது மாடியில் உட்கார்ந்து லிப்ட் மேலே வருவதையும் கீழே போவதையும் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். ஒத்தக்கடையில் அவளுக்கு ஒரு மேசை இருக்கிறது, அதைச் சுற்றி நாள் முழுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

புதுக் கார் வாங்கித் தருகிறேன், டிரைவர் வைக்கிறேன் என்று அருண் சொல்லிப் பார்த்தான். அக்கா கேட்கவில்லை. அத்தானின் அம்பாசிடர் ஆறு வருடமாகக் கொட்டகையில் சும்மா நிற்கிறது, அதைச் சரிசெய்து அதில்தான் தினமும் போவேன், எனக்கு ஓட்டத் தெரியாதா, எனக்கு எதற்கு டிரைவர் என்றாள். நியாயம்தான். கல்யாணத்துக்கு முன்பு பட்டர்வொர்த்தில் தொழிற்சாலை விடுதியில் தங்கி வேலை பார்த்தபோது கார் ஓட்டக் கற்று, தேர்விலும் தேறிவிட்டதாக அவள் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது பதினாறு வயது. அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்த் தோழிகளிடம் காட்டினேன். பிற்பாடு நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கே அதுதான் காரணம்.

மதுரைக்கு வந்தபின் அவள் ஓட்டவில்லை. இந்த ஊர் டிராபிக்கில் மனுசர் ஓட்டுவார்களா என்று சொல்லிவிட்டாளாம். சிம்மக்கல் வழியாக ஒரு முறை ஆட்டோவில் போய்வந்த பிறகு நானும் அதைச் சரியென்றே ஒப்புக்கொண்டேன். எதிரே வருகிறவர் எந்தப் பக்கம் போகப்போகிறார் என்பதை இங்கே அவர் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு விளக்கு இருக்கிறது.

பொங்கல் முடிந்த கையோடு வண்டியைப் பாண்டியிடம் விட்டிருக்கிறார்கள். இப்போது மே மாதம், கத்திரி வெயில். நான்கு மாதத்தில் ஒரு கார் எப்படிப் பூனைக்கு வீடானது என்று எனக்குப் புரியவில்லை. மூன்று வாரம் விடுப்பு எடுத்து வந்திருக்கிறேன்; ஊருக்குத் திரும்புவதற்குள் இதை ஓடவைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

எங்கள் ஊரில் வண்டியைப் பட்டறையில் விட்டால் அது அந்தப் பட்டறையில் இருக்கும். இங்கே அப்படியில்லை என்பதைப் பாண்டி பொறுமையாக விளக்கினார். இன்ஜின் வேலை ஒருவர். தகரம் தட்டி நிமிர்த்துவது இன்னொருவர், அவரை டிங்கர் என்கிறார்கள். ஒயரிங் வேறு, ரேடியேட்டர் வேறு, குஷன் வேறு, கடைசல் வேலைக்கு லேத்துக்காரர் வேறு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில். பாண்டி எல்லாவற்றையும் பிரித்து அனுப்பி, திரும்பி வருவதைச் சேர்த்து மாட்டுகிறவர். ஆக, என் அக்காவின் கார் அப்போது மதுரை முழுவதும் பரவிக் கிடந்தது. இன்ஜின் இரண்டு சந்து தள்ளி, கதவுகள் ஒத்தக்கடையில், சீட்டுகள் தெற்குவாசலில். காரைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரைச் சுற்றித்தான் பார்க்கவேண்டும்.

சுற்றினேன்.

முதலில் கதவுகள். ஒத்தக்கடைக்கு எந்த பஸ் என்று கேட்டால், பெரியாரா, மாட்டுத்தாவணியா, ஆரப்பாளையமா என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஒரே ஊருக்கு மூன்று பஸ் நிலையம். தைப்பிங்கில் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி நேரம் காலி. நகரப் பேருந்தில் ஏறி டிக்கெட்டுக்கு நோட்டை நீட்டினால் கண்டக்டர் வாங்கவில்லை. பெண்களுக்கு இலவசமாம். நான் இந்த ஊர்க்காரி இல்லை, வேறு நாடு என்றேன். எந்த நாடா இருந்தா என்ன, பொம்பளைதானே என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். யாரையோ ஏமாற்றிய மாதிரி எனக்கு வழியெல்லாம் கூச்சமாக இருந்தது.

மாட்டுத்தாவணியில் மாறி ஏறிய பஸ் ஒத்தக்கடையில் நிற்காத பஸ். அதை ஒத்தக்கடையைத் தாண்டிய பிறகுதான் சொன்னார்கள். வெகுதூரம் தள்ளி இறக்கிவிட, யானைமலையைப் பார்த்தபடி வெயிலில் திரும்பி நடந்தேன். டிங்கர் செல்வத்தின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது தலை கிறுகிறுத்தது. அவர் என்னை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தார்.

கொட்டகைச் சுவரில் நான்கு கதவுகளும் சாய்த்துவைக்கப்பட்டிருந்தன. துருப்பிடித்த அடிப்பாகத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பார்த்துத் தேய்த்து, சாம்பல் நிறத்தில் பிரைமர் அடித்திருந்தது. கை வைத்துத் தடவினேன். ஒட்டு எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தட்டுப்படவில்லை. மூடித் திறந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று செல்வம் வாயாலேயே செய்து காட்டினார். எப்போது முடியும் என்று கேட்டேன். முடிந்து ஒன்பது நாளாயிற்று என்றார். பாண்டி அண்ணன் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

செல்லூருக்குத் திரும்பிப் பாண்டியிடம் கேட்டேன். "கதவு இன்னும் ஆகலக்கா, அவென் ரொம்ப இழுக்குறான்" என்றார். நான் கதவைத் தடவிவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். அப்படியா என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியம் உண்மையா நடிப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் தெற்குவாசல். குஷன் கடைக்காரர் சீட்டை உரித்து, உள்ளே தேங்காய் நாரும் ஸ்பிரிங்கும் புதிதாக வைத்து, மெரூன் நிற ரெக்சின் தைத்துத் தயாராக வைத்திருந்தார். எலி கடித்த அடையாளமே இல்லை. வெடித்துப்போன ஸ்டியரிங் சக்கரத்துக்கு உறை தைக்கவேண்டுமென்றும் அது பாண்டியிடமிருந்து இன்னும் வரவில்லையென்றும் சொன்னார். பாண்டியைக் கேட்டால் குஷன்காரர் இன்னும் கேட்கவில்லை என்பார் என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. ஆகவே மறுநாள் ஸ்டியரிங்கை நானே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். நிற்க இடமில்லாத பஸ்ஸில் கையில் ஸ்டியரிங்கோடு நின்றவளைக் கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "யக்கா, வண்டிக்கு ஏற்கனவே ஒண்ணு மாட்டியிருக்கோம்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

இப்படியே முதல் வாரம் போயிற்று. போகிற இடமெல்லாம் வேலை முடிந்திருந்தது. பாண்டியிடம் வந்தால் ஒன்றும் முடியவில்லை. இடையில் நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லவேண்டும். காலையில் தள்ளுவண்டிக்காரரிடம் பருத்திப்பால். சுக்கும் கருப்பட்டியும் மணக்க, டம்ளரில் கெட்டியாக ஊற்றுவார். எங்கள் ஊரில் இட்லிக்கு ஒரு சட்னி, கேட்டால் கொஞ்சம் சாம்பார். இங்கே இலை நிறைய வண்ணம் வண்ணமாகச் சட்னி வைத்துவிட்டு இட்லிக்கு இடம் தேடுகிறார்கள். கார் தேறாவிட்டாலும் நான் தேறிவிடுவேன் போலிருந்தது.

சாயங்காலம் வீடு திரும்பினால் எம்புட்டு ஆச்சு என்று அக்கா கேட்பாள். கதவு முடிந்தது, சீட் முடிந்தது என்று நான் அடுக்குவேன். அவள் முகம் மலராது. இந்த வெயிலில் ஏன் அலைகிறாய், அழகர்கோயில் போய்வரலாம், புடவை எடுக்கப் போகலாம் என்று பேச்சை மாற்றுவாள். புனேக்குப் போகாமல் தப்பிக்க இந்தக் கார் ஒன்றுதான் வழி; அதன் பேச்சை எடுத்தாலே ஏன் வாடுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அத்தானின் நினைவு வந்து வருத்துகிறது போலும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். எதிர்வீட்டு ராஜம் வேறு வாசலில் நின்று, "டீச்சரம்மா, எப்ப எங்களையெல்லாம் கார்ல கூட்டிட்டுப் போவீக?" என்று தினமும் கேட்பாள். நூலகரையும் அந்தத் தெருவில் டீச்சரம்மா என்றுதான் அழைக்கிறார்கள். அக்கா சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இரண்டாவது வாரம் லேத்துக்காரரிடம் போனேன். பெயர் கோவர்த்தனன். செல்லூரிலேயே, பாண்டியின் பட்டறைக்கு நான்கு தெரு தள்ளி. விசைத்தறிகளுக்குத் தேய்ந்துபோன பாகங்களைக் கடைந்து கொடுப்பது அவர் தொழில். அம்பாசிடரின் முன்சக்கரத்தைத் தாங்கும் பின் என்ற இரும்பு முளையும் அதைச் சுற்றி வரும் புஷ் என்ற குழலும் கடையில் நல்லதாகக் கிடைக்காமல், பாண்டி பழசை அவரிடம் கொடுத்து அதே அளவில் செய்யச் சொல்லியிருக்கிறார். தறி நாள் முழுக்க ஓடணும், காரு காலைலயும் சாயங்காலமும்தான் ஓடணும், இது எனக்குச் சின்ன வேலை என்றார் கோவர்த்தனன். வீட்டு முன்கூடம்தான் பட்டறை. உள்ளே அவர் மனைவி சமைத்துக்கொண்டிருந்தார்.

அலமாரியில் எண்ணெய்த் தாளில் சுற்றி, மேலே 'பாண்டி' என்று எழுதி, பின்னும் புஷ்ஷும் இருந்தன. என்றைக்கு முடித்தீர்கள் என்று கேட்டேன். பங்குனியில் என்றார். பங்குனி போய்ச் சித்திரை போய் வைகாசி பிறந்துவிட்டது. நான் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யார் பொய் சொல்கிறார்கள், எதற்காகச் சொல்கிறார்கள் என்று ஒன்றுமே விளங்கவில்லை. சொல்லி ஆகப்போகும் லாபமும் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து அந்த அம்மா ஒரு தட்டில் புளியோதரை கொண்டுவந்து என் மடியில் வைத்தார். வைத்துவிட்டு, கணவரிடம் அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். கோவர்த்தனன் சங்கடமாகச் சிரித்தார். இருவரும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். அதில் எனக்குப் புரிந்தது பாண்டி என்ற பெயர் மட்டும். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததை இவ்வளவு நேரம் பேசமாட்டார்கள் என்றேன்.

அவர் லேத்தை நிறுத்தினார். "தப்பா நெனைக்காதீங்க. உங்க அக்கா மெதுவாச் செய், அவசரமே இல்லேன்னு பாண்டிகிட்ட சொல்லியிருக்காங்க. நீங்க வந்து சீக்கிரம் செய்னு நிக்கிறீங்க. ரெண்டு பொம்பளைகளுக்கு நடுவுல அந்த மனுசன் சாகுறான், இவங்ககிட்ட உண்மையச் சொல்லிருங்கன்னு எம் பொண்டாட்டி சொல்றா."

புளியோதரை அருமையாக இருந்தது. அதை அப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

பாண்டி மறைக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒவ்வொரு மாதமும் அக்கா போன் செய்து, அவசரப்படாதே, நிதானமாகப் பார் என்று சொல்வாளாம். காரணம் அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அதை என்னிடம் முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன்.

"பெரியக்காவுக்கும் சரின்னேன், உங்களுக்கும் சரின்னேன். இதுல யாருக்கு மாட்டேன்னு சொல்றது?" என்றார் பாண்டி.

இருபத்தாறு வருடத்தில் எனக்கு முடியாது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தையைச் சொல்லத் தெரியாத ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர்மேல் கோபத்தைத் தொடரமுடியவில்லை. பஸ் பிடித்து நாகமலை புதுக்கோட்டைக்கு வந்தேன்.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காரை மெதுவாகச் செய்யச் சொன்னது நீதானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஏன் என்றேன். கையிலிருந்த கொத்தை முழுசாக உருவி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாது மாலா."

பட்டர்வொர்த்தில் ஏழு வகுப்புக்குப் போயிருக்கிறாள். கட்டாயம் தேறிவிடுவோம் என்ற நம்பிக்கையில், தேர்வுக்கு முந்தின நாளே, தேறிவிட்டேன் என்று கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டாள். தேர்வில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டு கம்பத்தில் மோதியது. தேர்வு அதிகாரி இறங்கி நடந்தே போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆனால் கடிதம் வீட்டுக்கு வந்துசேர்ந்துவிட்டது. அம்மா அதைத் தரகரிடம் சொன்னாள், தரகர் மதுரையில் சொன்னார், பெண் பார்க்க வருவதற்கு முன்பே, கார் ஓட்டும் மலேசியாப் பெண் மருமகளாக வருகிறாள் என்று அத்தான் வீட்டில் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கல்யாணமாகி வந்த அன்று அவளைப் பார்க்கத் தெருவே கூடியது. அந்த நேரத்தில் போய் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வாள்? டிராபிக்மேல் பழியைப் போட்டாள். முப்பத்துமூன்று வருடமும் டிராபிக் அவளைக் கைவிடவில்லை. அத்தானுக்கும் தெரியாது.

"புதுக் காருன்னா மறுநாளே வாசல்ல வந்து நிக்கும். டிரைவருக்குச் சரின்னு சொன்னா, டீச்சரம்மாவுக்குத்தான் ஓட்டத் தெரியுமேன்னு தெருவே கேக்கும். பழைய வண்டியச் சரிபண்ணச் சொன்னா வருசக்கணக்கா இழுக்கும், அதுக்குள்ள அருணும் அடங்கிருவான்னு நெனைச்சேன்" என்றாள் அக்கா. "நீ வந்து மூணு வாரத்துல முடிச்சுக் குடுக்கப்போறேன்னு நிக்கிறே."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தக் கடிதத்தை நம்பியல்லவா நான் இத்தனை வருடம் இந்தத் தொழிலைச் செய்திருக்கிறேன். அக்காவைப் போல ஆகவேண்டும் என்று புறப்பட்டு, அக்கா போகாத இடத்துக்குப் போய்ச்சேர்ந்திருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. கீரையை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.

கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். ஐம்பத்தெட்டு வயதிலா என்றாள். என்னிடம் படித்ததில் மூத்தவர் எழுபத்தொரு வயதுச் சீன மளிகைக்காரர், இன்றைக்கும் மீன் சந்தைக்கு அவரே ஓட்டிக்கொண்டு போகிறார் என்றேன். அருணிடம் சொல்லிவிடாதே என்றாள். அதற்குச் சம்மதித்தேன். அவளே போனை எடுத்துப் பாண்டிக்குப் பேசினாள். வேகமாக முடி என்ற மூன்றாவது உத்தரவைக் கேட்டதும் அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, சரிக்கா என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நான்கு நாளில் நான் பார்த்ததை எங்கள் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். ஷேர் ஆட்டோவில் கதவுகள் வந்தன. மொபெட்டின் பின்னால் கட்டிய சீட் வந்தது. கோவர்த்தனன் பின்னையும் புஷ்ஷையும் கையிலேயே கொண்டுவந்து, பொருத்தும்வரை பக்கத்தில் நின்றார். பூனையை எழுப்பிவிட்டு இன்ஜினை இறக்கினார்கள். ஒயரிங்காரர் பழைய ஒயர்களை நரம்பு உருவுவது போல உருவிப் போட்டார். கார்புரேட்டரில் பெட்ரோலை ஊற்றிப் பாண்டி சாவியைத் திருப்பினார். மூன்று தடவை இருமிவிட்டு, நான்காவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. விசைத்தறிச் சத்தத்தில் அது காதில் விழவில்லை. மூடிமேல் கை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். வெள்ளைப் பெயிண்ட் காய்ந்ததும் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனார்கள். ஆய்வாளர் விளக்கையும் பிரேக்கையும் சோதித்துவிட்டு, ஹாரனை மட்டும் தேவைக்கு மேல் இரண்டு முறை அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பழகுநர் உரிமத்துக்கான தேர்வில் அக்கா ஒரு கேள்விகூடத் தவறவிடவில்லை. படித்துத் தேறுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஓட்டுவதுதான் பாக்கி. நாகமலைக்குத் தள்ளி, வெட்டவெளியில் வீட்டுமனை போட்டிருந்த ஒரு இடத்தைப் பாண்டி காட்டினார். பெரிய நுழைவு வளைவு, உள்ளே தார் ரோடு, ரோட்டுக்குப் பெயர்ப்பலகை, வண்ணம் அடித்த எல்லைக் கற்கள், ஒரு வீடுகூட இல்லை. கற்றுக்கொள்வதற்கென்றே கட்டிய ஊர்.

அங்கே போனதும் டீச்சருக்கே குழப்பம். இந்தக் காரில் கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. முதல் கியர் என்று நான் போட்டது மூன்றாவது; அக்கா போட்டது எதுவென்று இன்றுவரை தெரியாது. பாண்டி பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இழுங்க, தூக்குங்க, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லைக்கல் ஒன்று சாய்ந்தது. இரண்டு ஆடுகள் தப்பித்தன. ஐந்தாம் நாள் அக்கா மனைகளைச் சுற்றி ஒரு வட்டம், எங்கும் நிற்காமல் ஓட்டினாள். இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வட்டம் என்றாள்.

ஆனால் தெருவில் மட்டும், சர்வதேச உரிமம் வைத்திருந்த நான்தான் ஓட்டவேண்டும். என்ன டீச்சரம்மா, நீங்க ஓட்டலையா என்று ராஜம் கேட்டால், தங்கச்சி ஆசைப்படுறா என்பாள் அக்கா. சாலையில் ஓட்டவேண்டுமென்றால் முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்டியாக வேண்டும், அது சட்டம், நான் அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அதை ஒட்டினால் முப்பத்துமூன்று வருடமும் தெருவில் போய்விடும் என்று அவள் மறுத்துக்கொண்டே இருந்தாள். திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. அன்றைக்கே நானும் கிளம்பவேண்டும். சனிக்கிழமை அருண் வருகிறான். கார் தயார், அம்மா தயாரில்லை என்ற நிலையில் அவனிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் வாசலில் சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். அக்கா காருக்கு முன்னால் குந்தியிருந்தாள். பக்கத்திலிருக்கும் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஸ்டிக்கர் கடையில் வாங்கியிருப்பாள் போல, கையில் இரண்டு சிவப்பு 'எல்'. ஒன்றை ஒட்டி முடித்துவிட்டிருந்தாள். எதிர்வீட்டு வாசலில் ராஜம் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாது ராஜம். இப்பத்தான் கத்துக்கிறேன்" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"அப்ப இம்புட்டு நாளு?"

"பொய்யி."

ராஜம் துடைப்பத்தைக் கீழே போட்டாள். தெருவைத் தாண்டி வந்து, காருக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "கோணலா இருக்குக்கா. நிமித்தி ஒட்டுங்க" என்றாள். இருவரும் சேர்ந்து உரித்துத் திரும்ப ஒட்டினார்கள். பின்பக்கத்தை ராஜமே ஒட்டினாள்.

அருண் ஆட்டோவில் வந்து இறங்கினான். பளபளவென்று நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். 'எல்'லைப் பார்த்ததும் சித்தி, இந்த ஊரில் உங்களுக்கு இது வேண்டுமா என்று என்னிடம் கேட்டான். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அது எனக்குடா. ஏறு" என்றாள்.

அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால். அக்கா தெருவைத் தாண்டும்போதே எல்லாவற்றையும் சொல்லிமுடித்துவிட்டாள். கம்பத்தில் மோதியது உட்பட. தேனி சாலையில் ஏறும் இடத்தில் கார் குலுங்கி நின்றுபோனது. பின்னால் ஹாரன்கள். விடும்மா, நான் ஓட்டுகிறேன் என்று அவன் கையை நீட்டினான். கையை எடு என்றாள் அக்கா. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச தூரம் போன பிறகு அருண் என் பக்கம் திரும்பி, எப்போது லைசென்ஸ் கிடைக்கும் என்று கேட்டான். முப்பது நாள் கழித்துத்தான் தேர்வு, அதுவரை லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், நான் நாளை மறுநாள் ஊருக்குப் போகிறேன் என்றேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நாகமலை கூடவே வந்தது. பிறகு போனை எடுத்து அலுவலகத்தில் யாரையோ அழைத்து ஆங்கிலத்தில் பேசினான். ஒரு மாதம் மதுரையிலிருந்தே வேலை செய்கிறேன், அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது எனக்குக் கேட்டது.

அக்காவுக்கும் கேட்டிருக்கும். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போனை வச்சிட்டு, பின்னால பஸ்ஸு வருதான்னு பாத்துச் சொல்லு" என்றாள்.

அவன் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வருதும்மா என்றான். அக்கா இரண்டாவது கியரைத் தேடிப் பிடித்துப் போட்டாள்.